தெற்கே இரண்டு கிலோமீட்டர்

சுரைதாவைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் இப்போது யாரும் வாய் திறப்பதில்லை. தப்பித் தவறிப் பேச்சு வந்தால், "அந்தப் பொய்ப் படம் போட்ட பொண்ணா?" என்று கேட்டுவிட்டுத் தேநீரைக் குடிக்கப் போய்விடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினெட்டு வருஷமாக அந்தத் துறையின் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவள் நான். யார் படித்துப் பட்டம் வாங்கினார்கள், யார் படித்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவளைப் பற்றி நான் சொல்வதுதான் நியாயம். நானும் அதில் சுத்தமானவள் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் துறைக்குச் சுற்றுச்சூழலும் நீடித்த வளர்ச்சியும் என்று பெயர். மீனைப் படித்தவன், சட்டம் படித்தவன், பொருளாதாரம் படித்தவள், சமூகவியல் படித்தவள் என்று நாலு திசையிலிருந்து வருகிறவர்களை ஒரே மேசையில் உட்காரவைப்பார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. புரியாவிட்டாலும் நாலு பேரும் சேர்ந்து தலையாட்டுவார்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஆய்வேடு, அதில் ஒரே வரைபடம் என்பதுதான் இங்கே சட்டம். ஒருவர் போடும் புள்ளியின் மேல்தான் பொருளாதாரக்காரி கணக்குப் போட வேண்டும், அதன் மேல்தான் சட்டக்காரன் கோடு போட வேண்டும்.

சுரைதா முதல் நாள் வந்தபோது அவளுக்கு இருபத்தொன்பது வயது. சான்றிதழ்களை ஒரு ரொட்டிக் கடைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். எங்கள் பக்கம் அக்காவைக் கா என்றும் அண்ணனைப் பாங் என்றும்தான் கூப்பிடுவோம்.

"கா, எல்லாரும் எல்லாத்தையும் படிக்கிற துறை இதுதானே?"

"படிக்கிற மாதிரி காட்டிக்கிற துறை. படிவம் மூணு நகல் வேணும். போட்டோ நீலப் பின்னணி."

அவள் சிரித்தாள். "சிவப்புப் பின்னணிதான் இருக்கு கா. மீன் டப்பா கம்பெனியில அடையாள அட்டைக்கு எடுத்தது."

எங்கள் பக்கத்துப் பெண். பான் லாமோ கடற்கரை. அப்பா மலேசியாவுக்கு டொம்யாம் சூப்புக் கடை வேலைக்குப் போனவர், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு தங்கிவிட்டார். அவளை வளர்த்தது அண்ணன் பாங் தோலா. ஆறு வருஷம் கம்பெனியில் சூரை மீனை டப்பாவில் அடைத்துக்கொண்டே, தபால் வழியில் சமூகவியல் பட்டம் வாங்கியிருந்தாள். நேர்முகத்தில் துறைத் தலைவர் தம்ரோங், பேராசிரியர் என்பதால் எங்களுக்கு ஆச்சான் தம்ரோங், "ஏன் இந்தப் படிப்பு?" என்று கேட்டாராம். "அரசாங்கத்தோட வரைபடத்துல எங்க கடல் வெறும் நீலமா இருக்கு ஆச்சான். உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி. அதுல எங்களப் போடணும்" என்றிருக்கிறாள். அவர் அதைக் கேட்டு உருகிப்போய் என்னிடமே மூன்று முறை சொன்னார். உருகுவதில் எங்கள் ஆச்சான்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

அந்த நீலத்துக்குள் என்ன இருந்தது என்றால், மீன்வீடுகள். மூங்கிலைக் கட்டி, தென்னையோலை செருகி, மணல்மூட்டையோடு கடலடியில் இறக்குவார்கள். மீன் வந்து தங்கும். எங்கே இறக்கியது என்பதை எந்தக் கருவியிலும் குறிக்க மாட்டார்கள். பள்ளிவாசல் கோபுரம் எந்த மலைக்கு நேராக வருகிறது, தண்ணீர்த் தொட்டி எந்த மரத்தை மறைக்கிறது என்று கரையைப் பார்த்து மனதில் வைத்துக்கொள்வதுதான். அண்ணன் இடம் தம்பிக்குத் தெரியாது. மாமனார் இடம் மருமகனுக்குத் தெரியாது. வெளியே தெரிந்தால் இழுவைப் படகுக்காரன் வலையைப் போட்டு ஒரே இழுப்பில் வீட்டையும் குஞ்சையும் வாரிக்கொண்டு போய்விடுவான். மீன்வீட்டுக்கு மேலே போய்ச் சேர்ந்ததும் மீனவர்கள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டுக் காது கொடுப்பார்கள். என்ன மீன், எவ்வளவு, எந்தப் பக்கம் போகிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார்கள். பாங் தோலா அதில் கெட்டிக்காரர்.

சுரைதாவின் குழுவில் பொருளாதாரம் படித்தவள் கந்திமா. பாங்காக்குக்காரி. வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் வருவாள். மற்ற இரண்டு பேரும் பையன்கள், வேலை முடிந்ததும் பந்தாடப் போகிற ரகம். கந்திமா மட்டும் சுரைதாவோடு பான் லாமோவில் மூன்று மாதம் தங்கினாள். ஒரே பாயில் படுத்தார்கள். மீன்சாறு ஊற்றிப் பிசைந்த சோற்றைக் கையால் சாப்பிடக் கற்றுக்கொண்டாள். பாங் தோலா அவளைப் படகில் கூட்டிப்போய்த் தலையைத் தண்ணீருக்குள் விடச் சொன்னார். மேலே வந்தவள் அழுதாளாம்.

"சத்தம் கேட்டுச்சு பாங்! எண்ணெய்ல ஏதோ பொரியற மாதிரி!"

"அது இறால் பொண்ணே. இதுக்கே அழுதா, கத்தாழ மீன் கத்தினா மயங்கி விழுந்துருவ போல."

ஊரே அவளைத் தங்கச்சி என்றது. எனக்கும் அவளைப் பிடிக்கும். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, என் மூத்தவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்.

நாற்பத்து மூன்று பேர் இடம் சொல்ல ஒத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சுரைதாவை மட்டும் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அவள் கையிலிருந்த கருவியில் குறித்துக்கொண்டாள். வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்பது ஒப்பந்தம். ஆய்வில் பங்கெடுத்ததற்கான தாளில் நாற்பத்து மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சிக்கல் வரைபடத்தில் வந்தது. புள்ளிகளைத் தர மாட்டேன் என்றாள் சுரைதா. புள்ளி இல்லாமல் படம் இல்லை, படம் இல்லாமல் நாலு பேருக்கும் பட்டம் இல்லை என்றார் ஆச்சான் தம்ரோங். அன்று மத்தியானம் அவளும் கந்திமாவும் என் அறையில், நகல் எடுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பேசினார்கள். நான் இருக்கிறேன் என்று அவர்கள் எதையும் மறைக்கவில்லை. அலுவலகக்காரியை யார் ஆளாக நினைக்கிறார்கள்?

"புள்ளியக் கண்டபடி கலைச்சுப் போட்டா என் கணக்கு நாசமாயிரும் தா," என்றாள் கந்திமா. சுரைதாவை நெருங்கினவர்கள் தா என்றுதான் கூப்பிடுவார்கள். "ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் எவ்வளவு தூரங்கிறதுலதான் எல்லாமே இருக்கு. மீன் கணக்கும் அப்படித்தான்."

"அப்ப என்ன பண்றது?"

"எல்லாத்தையும் மொத்தமா தெக்கால ரெண்டு கிலோமீட்டர் தள்ளிரு. தூரமெல்லாம் அப்படியே இருக்கும், எடம் மட்டும் யாருக்கும் தெரியாது."

சுரைதாவின் முகம் மலர்ந்துவிட்டது. உண்மையில் நல்ல யோசனைதான் அது. மீனவனுக்கு அது தோன்றியிருக்காது, கணக்குப் பிள்ளைக்கும் தோன்றியிருக்காது. நாலு படிப்பும் கலந்த இந்தத் துறைக்காரிகளுக்கு மட்டும் தோன்றும்.

முதல் நகலில், புள்ளிகள் தள்ளிவைக்கப்பட்டுள்ளன என்று படத்தின் அடியில் சுரைதா ஒரு வரி எழுதியிருந்தாள். நகல் எடுத்தது நான்தான், படித்தேன். அடுத்த நாள் கந்திமா அதைப் பென்சிலால் அடித்துக்கொண்டு வந்தாள். "தள்ளியிருக்குன்னு எழுதினா, படிக்கிறவன் திருப்பித் தள்ளிப் பாப்பான். பூட்டையும் போட்டுட்டு சாவிய வாசல்லயே மாட்டிவைப்பாங்களா?" சுரைதா ஒத்துக்கொண்டாள். எங்கள் துறையில் ஒரு பக்கம் அச்சான தாளை வீணாக்க மாட்டோம். அந்தப் பழைய பக்கத்தின் மறுபுறத்தில் வருகைப் பதிவு அச்சடித்தேன். பிறகு அது எங்கே போனதோ.

ஆய்வேட்டுக்குப் பரிசு கிடைத்தது. சுரைதா படத்தைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டுபோய் பான் லாமோ தேநீர்க் கடைச் சுவரில் மாட்டினாள். ஆண்கள் கூட்டமாக நின்று பார்த்தார்கள்.

"இதுல என் வீடு எதும்மா?"

"சொல்ல மாட்டேன் பாங். உங்க தம்பி பக்கத்துலயே நிக்கிறாரு."

ஒரே சிரிப்பு. இரண்டு வருஷம் அந்தப் படம் அங்கே தொங்கியது. தப்பான இடத்தில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. படகிலிருந்து கரையைப் பார்த்துக் கடலை அறிந்தவர்கள் அவர்கள். மேலேயிருந்து பார்க்கிற கடல் அவர்களுக்கு யாருடையதோ. அவளும் சொல்லவில்லை. தெரியாமல் இருப்பதே பாதுகாப்பு என்று நினைத்தாள்.

பட்டம் வாங்கியதும் கந்திமா பாங்காக்கில், சுற்றுச்சூழல் அறிக்கை எழுதிக்கொடுக்கும் ஒரு கம்பெனிக்குப் போனாள். சுரைதா எங்கள் துறையிலேயே தற்காலிக விரிவுரையாளர் ஆனாள். வரைபட வகுப்பு எடுத்தாள். பிள்ளைகளுக்கு அவள் என்றால் உயிர்.

அப்புறம்தான் பான் லாமோவில் கப்பல் துறை வரப்போகிறது என்று சேதி வந்தது. கடலுக்குள் நீளமாகப் பாலம், பக்கத்திலெல்லாம் தோண்டி ஆழப்படுத்துவார்கள். ஊர் பதறியது. அறிக்கை எழுதப்போவது கந்திமாவின் கம்பெனி என்று தெரிந்ததும் சுரைதா என் அறைக்கு ஓடிவந்தாள்.

"கா, நல்லவேளை அவ இருக்கா! வேற யாராவதுன்னா நம்ம கடலப் பத்தி என்ன தெரியும்?"

என் முன்னாலேயே போன் போட்டாள். ஒலிபெருக்கியில் கந்திமாவின் குரல் அதே பாசத்தோடு வந்தது. "கவலப்படாத தா. உங்க ஊர நான் விட்டுக்கொடுப்பனா? பாங் தோலா எப்படி இருக்காரு?"

கருத்துக் கேட்புக் கூட்டம் மாவட்ட மண்டபத்தில் நடந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து வண்டி போட்டார்கள், நானும் போனேன். முன்வரிசைகளில் பான் லாமோ ஆட்கள். பின்னால் இழுவைப் படகு முதலாளிகள் நாலைந்து பேர் கால்மேல் கால் போட்டிருந்தார்கள். மேடையில் அதிகாரிகள், ஆச்சான் தம்ரோங், கந்திமா.

அவள் படத்தைத் திரையில் போட்டாள். சுரைதாவின் படம். நாற்பத்து மூன்று பச்சைப் புள்ளிகள். அவற்றுக்கு வடக்கே, ஒரு புள்ளிகூட இல்லாத வெற்று நீலத்தில், பாலத்தின் சிவப்புக் கோடு.

"இந்த வரைபடம் கம்பெனி தயாரிச்சது இல்லீங்க," என்றாள் கந்திமா. "பல்கலைக்கழக ஆய்வு. ஊர்க்காரங்க நாப்பத்து மூணு பேரும் கையெழுத்துப் போட்டுக் கூடவே இருந்து தயாரிச்சது. பாலம் போற வழியில மீன்வீடு எதுவும் இல்லைங்கிறது இதுலயே தெளிவா இருக்கு."

சுரைதா உட்கார்ந்திருந்த நாற்காலி சத்தம் போட்டது. எழுந்துவிட்டாள்.

"அந்தப் படம் தப்பு. புள்ளியெல்லாம் ரெண்டு கிலோமீட்டர் தெக்கே தள்ளியிருக்கு. மறைக்கிறதுக்காக நான்தான் தள்ளினேன். கோடு போற எடத்துலதான் வீடெல்லாம் இருக்கு."

மண்டபத்தில் ஒரு முனகல் எழுந்தது. கந்திமா ஒலிவாங்கியை நிதானமாகப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப நீங்க பட்டம் வாங்கின ஆய்வேடு பொய்னு சொல்றீங்களா? இங்க பேசறதெல்லாம் பதிவாகுது. யோசிச்சுச் சொல்லுங்க."

நீங்க என்றாள். மூன்று மாதம் ஒரே பாயில் படுத்தவள்.

"ஆமா, பொய்தான். உனக்கும் தெரியுமே கந்திமா! நீதானே தள்ளச் சொன்ன?"

"எனக்கு அப்படி எதுவும் தெரியாது."

ஆச்சான் தம்ரோங் தன் முன்னாலிருந்த தாள்களை அடுக்கினார். அடுக்கியதையே மறுபடியும் அடுக்கினார். சுரைதா திரும்பி, நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். அந்த வரியைப் படித்தவள் நான், பேச்சைக் கேட்டவள் நான். வேலை போய்விடும் என்று பயந்தேன். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கீழே குனிந்து கைப்பையில் எதையோ தேடினேன். அவள் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை.

தலைமை அதிகாரி சொன்னார்: "சரியான புள்ளிகள இப்பவே கொடுத்தா பரிசீலிப்போம். இல்லைன்னா இருக்கிற படம்தான் கணக்கு."

சுரைதாவின் பையில் அவை இருந்தன. அவள் பையைத் தொடவில்லை. "அது என்னோடது இல்ல. அவங்க சொன்னாத்தான்," என்றாள்.

பிறகு பாங் தோலா எழுந்தார். திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "பள்ளிவாசல் கோபுரம் மொட்ட மலையோட எடது தோள்ல வரணும். தண்ணித் தொட்டி ஒத்தப் பனைய மறைக்கணும். ஆழம், கைய விரிச்சு அளந்தா ஏழு பாகம். அது என்னோடது."

அவருடைய சொந்த மகனே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். அவனுக்கும் அன்றுதான் தெரியும். பின்வரிசை முதலாளிகள் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்தார்கள். அடுத்து இன்னொருவர் எழுந்து சொன்னார், அவருக்கு அடுத்து இன்னொருவர். பதினோரு பேர் சொன்னார்கள். மற்ற முப்பத்திரண்டு பேரும் அந்தக் கைப்பேசிகளைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனார்கள். அவர்களையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

வெளியே தாழ்வாரத்தில் சுரைதா கந்திமாவின் வழியை மறித்தாள். அழவில்லை. "ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

"நான் என்ன பொய் சொன்னேன்? உன் படத்த அப்படியே போட்டேன். ஒரு புள்ளியக்கூட நகத்தல. நகத்தினது நீ." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "புரிஞ்சுக்க தா. எனக்கு இதுதான் முதல் பெரிய வேலை."

அறைந்திருக்க வேண்டும். சுரைதா வழியை விட்டு விலகி நின்றாள்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விரித்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பதினோரு இடங்களும் பதிவாயின. ஊர்க்காரர்கள் கருத்தை மதித்து, பாலத்தை எழுநூறு மீட்டர் வடக்கே நகர்த்தினார்கள். அங்கேதான் வாய் திறக்காமல் போனவர்களின் வீடுகள் பெரும்பாலும் இருந்தன. பதினோரு பேருடையதை இழுவைப் படகுகள் இரண்டு வாரத்துக்குள் வாரிவிட்டன. பல்கலைக்கழகம் விசாரணை வைத்தது. வரைபடம் சுரைதாவின் பொறுப்பு என்பதால் அவள் பட்டம் மட்டும் ரத்து. ஒரே ஆய்வேடு, நாலு பெயர், மூன்று பட்டம் அப்படியே இருக்கிறது. "இது என் கைய மீறிப் போயிருச்சு கா," என்று ஆச்சான் தம்ரோங் என்னிடம் கண்கலங்கினார். அவர் கையில் எது இருந்தது என்று நான் கேட்கவில்லை.

இப்போது சுரைதா காலையில் சந்தைக்கு எதிரே சோற்றுப் பொட்டலம் விற்கிறாள். நானும் அங்கேதான் வாங்குகிறேன். மூன்று மாதம் கழித்துத்தான் அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசினாள். அண்ணன் இன்னும் பேசவில்லை, வீட்டுக்குள் விடவில்லை என்றாள். நான் வந்து உண்மையைச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். இந்தத் தைரியம் எனக்கு மண்டபத்தில் வரவில்லை, அதற்கும் ஒரு நேரம் வேண்டியிருக்கிறது பாருங்கள்.

பான் லாமோ கரையில் பாங் தோலா படகின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தள்ளச் சொன்னது கந்திமா என்றேன். அந்த வரி இருந்தது, நான் படித்தேன், அன்றைக்கு வாய் திறக்காமல் இருந்துவிட்டேன் என்றேன். அவர் சுரண்டுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார். சுரைதா எனக்குப் பின்னால் நின்றாள்.

"என்ன மன்னிச்சிருங்க பாங்," என்றாள். "உங்க எடத்தக் காப்பாத்தத்தான் தள்ளினேன்."

அவர் நிமிர்ந்தார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை.

"நீ தள்ளினது தப்பே இல்ல தா. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். ஆனா தள்ளினது அந்தப் பாங்காக்குப் பொண்ணுக்குத் தெரியும். நகல் எடுக்கிற இந்தக் காவுக்குத் தெரியும். ரெண்டு வருஷம் அந்தப் படத்துக்குக் கீழயே உக்காந்து டீ குடிச்சோம், நாப்பத்து மூணு பேரு. எங்கள்ல ஒருத்தன்கிட்டகூட சொல்லணும்னு ஒனக்குத் தோணலையே."

அவர் மறுபடியும் குனிந்து படகைச் சுரண்ட ஆரம்பித்தார். நாங்கள் இரண்டு பேரும் பேருந்துக்கு நடந்தோம்.